அவைக்குறிப்பில் இல்லாத பேச்சு

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? முழங்காலுக்குத் தடவக் கொடுத்தனுப்பிய மருந்து தீர்ந்திருக்கும், சொன்னால் கடையிலிருந்து இன்னொன்று எடுத்து அனுப்புகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

போனில் கூப்பிடாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்காதே. போன் கூடத்தில் இருக்கிறது. பணிமனைக்கு விடுப்புப் போட்டுவிட்டு அத்தான் பகல் முழுவதும் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் பேசுவதெல்லாம் அவர் காதில் விழும். நீ கூப்பிட்டாலும் உன் உதவியாளர்தான் முதலில் பேசுகிறார், பாதி விஷயம் அவரோடு போய்விடுகிறது.

தீயணைப்புத் துறையிலிருந்து பதில் வந்துவிட்டது. நம் பையன் எறும்பு ஆள்தேர்வு ஓட்டத்தில் விழுந்து இறந்ததற்குத் துறை பொறுப்பில்லையாம். "தமக்கிருந்த இதய நோயை மறைத்துத் தேர்வில் கலந்துகொண்டார்" என்று ஒரே வரி. அவன் முழுப்பெயரைப் போட்டு எழுதியிருந்ததால், படிக்கும்போது யாரோ ஒருவனைப் பற்றி எழுதியது போலத்தான் எனக்கு முதலில் இருந்தது. விடிகாலையில் வரச் சொன்ன பிள்ளைகளை, கொடியசைக்க வேண்டிய அமைச்சர் வந்து சேரும்வரை வெயிலில் நிற்க வைத்து உச்சிப் பொழுதில் ஓடவிட்டது அதில் இல்லை. குடிக்கத் தண்ணீர் இல்லாததும் இல்லை.

அதெல்லாம்கூடப் போகட்டும் என்கிறார் அத்தான். அவரைக் குத்துவது பையனைப் பொய்யன் ஆக்கியதுதான். "உயிர் போனது போச்சு. என் பையன் எதையும் மறைச்சுட்டு ஓடலன்னு யாராவது ஒருத்தர் சபையில எழுந்து சொல்லணும். அது போதும் எனக்கு" என்றார். இவ்வளவு நாளில் அவர் சேர்ந்தாற்போலப் பேசியது இவ்வளவுதான்.

அந்த ஒருத்தர் நீதான் தம்பி. அவனுக்கு மாமன் என்பதற்காகச் சொல்லவில்லை. கல்லூரியில் கோச்சாக இருந்த காலம் முழுவதும் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்காமல் எந்தப் பிள்ளையையும் நீ மைதானத்தில் இறங்கவிட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிருந்தே எறும்பு தினமும் விடிந்ததும் உன்னிடம் கையை நீட்டியிருக்கிறான். அவன் இதயத்தைப் பற்றி உனக்குத் தெரிந்த அளவு எந்த டாக்டருக்குத் தெரியும்? இப்போது நீ சட்டமன்ற உறுப்பினர். நீ எழுந்து சொன்னால் எடுபடும்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

அன்புடன்,
அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. அத்தானுக்கும் என் வணக்கம். உடம்பு என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது, அதை எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது. முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது.

உறுப்பினர் விடுதியில் எனக்கு மேல்மாடி. இரும்புக் கட்டில், ஒரு மேசை, மனுக் கொடுக்க வருகிறவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்தும் இடம். சபையில் கடைசி வரிசை. உணவு இடைவேளைக்கு மணி அடித்ததும் எல்லோரும் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால், இவர்களில் சிலரை நான் இளமையிலேயே பிடித்திருக்க வேண்டும் என்று தோன்றும்.

துறையின் பதிலைப் படித்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. எறும்பு என்று பெயர் வைத்ததே நான்தான். தலையைக் குனிந்துகொண்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல், இழுத்துக்கொண்டே போவான். அவன் நாடி எப்படி அடிக்கும் என்று இப்போது கேட்டாலும் என் விரல் சொல்லும். கட்டாயம் பேசுகிறேன் அக்கா. இதை நான் பேசாமல் வேறு யார் பேசுவது?

ஆனால் என் வழக்கம் உனக்குத் தெரியும். மைதானத்தில் நடுவரோடு வாதாடக் கூடாது, எதுவானாலும் ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறையில் பேசிக்கொள்ள வேண்டும். அந்த இறுதிப் போட்டியில் கோட்டுக்கு வெளியே விழுந்த பந்தை உள்ளே என்று சொன்னபோதும் என் பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. கோப்பை போனது, பெயர் நின்றது. அந்தப் பெயருக்குத்தான் எனக்கு ஓட்டும் விழுந்தது. இங்கேயும் முதலில் கட்சிக் கூட்டத்தில் நான்கு சுவருக்குள் பேசிவிடுகிறேன். அமைச்சர் நம் கட்சிக்காரர், அவரைச் சபை நடுவே நிற்க வைத்ததாக இருக்கக் கூடாது. கட்சித் தலைவர் சரி என்று ஒரு வார்த்தை சொன்னதும் எழுந்துவிடுவேன்.

அத்தானைச் சாப்பிடச் சொல். நீயும் சாப்பிடு.

அன்புள்ள,
தம்பி


மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமாக இரு. மருந்தைப் பார்சலில் போட்டிருக்கிறேன், படுக்கப் போகும்போது தடவு. பேசுகிறேன் என்று நீ எழுதியது வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அத்தானிடம் படித்துக் காட்டினேன். மறுநாளே பணிமனைக்குப் போனார்.

போனதுதான் தப்பாகிவிட்டது. பழைய பேருந்து ஒன்றின் என்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கிறார். மாட்டுவதும், திரும்பப் பிரிப்பதுமாக இருக்கிறார். மேற்பார்வையாளர் பாவம், நல்ல மனிதர், பார்த்தும் பார்க்காதது போலப் போய்விடுகிறாராம். காலையில் செய்தித்தாள் வந்ததும் சட்டமன்றச் செய்தியை மட்டும் விரலை வைத்துப் படிக்கிறார். படித்துவிட்டு மடித்து என்னிடம் கொடுத்துவிடுவார்.

கடையில் நடந்ததை உனக்கு மட்டும் எழுதுகிறேன். நேற்று ஒரு அம்மாள் சீட்டைக் கொடுத்து மாத்திரை வாங்கினார். சில்லறை எண்ணிக்கொண்டே, "ஏம்மா, பையனுக்கு நெஞ்சுவலி மாத்திரையெல்லாம் நீயே இங்கேருந்து எடுத்துக் குடுத்தியாமே, வெளிய தெரியாம?" என்று கேட்டார். நாக்கில் நரம்பில்லாமல் கேட்டார் என்று சொல்ல மாட்டேன். அனுதாபமாகத்தான் கேட்டார். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், கொடுத்திருப்பாள் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. முதலாளிகூட அலமாரிச் சாவியை இப்போது தானே வைத்துக்கொள்கிறார்.

நடுவர் விஷயம் எழுதியிருந்தாய். உன் பிள்ளைகளுக்கு அது சரி, அடுத்த வருஷம் இன்னொரு கோப்பை வரும். எறும்புக்கு ஆட்டமே முடிந்துவிட்டது. அவன் எந்த அறைக்குப் போய்ப் பேசுவான்? சீக்கிரம் ஏதாவது செய் தம்பி.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். நீயும் அத்தானும் உடல் நலத்துடன் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். மருந்து வந்தது, நன்றாகக் கேட்கிறது. பதில் தாமதமாகிவிட்டது, தப்பாக நினைக்காதே. கட்சிக் கூட்டம் இரண்டு தடவை தள்ளிப் போனது. ஒரு தடவை தலைவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, இன்னொரு தடவை அரங்கத்தில் குளிர்சாதனம் ஓடவில்லை. மூன்றாம் தடவை கூட்டம் நடந்தது. பேச நிறையப் பேர் இருந்தார்கள்.

அமைச்சரைத் தாழ்வாரத்தில் பார்த்தேன். தோளில் கை போட்டு, "உங்க வீட்டுத் துக்கம் எங்களுக்கும் துக்கம்தான் கோச்" என்றார். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். அன்றைக்கு அவர் தாமதமாக வந்ததற்கும் ஏதோ காரணம் இருந்திருக்கிறது, வழியில் ஒரு பாலத் திறப்பாம்.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. விடுதிச் சாப்பாட்டில் உப்பு அதிகம். விளையாட்டு வாரியத்துக்கு என்னைத் தலைவராகப் போடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. நான் யாரிடமும் போய்க் கேட்கவில்லை, நீ வேறு வழியாகக் கேள்விப்படக் கூடாதே என்று எழுதுகிறேன்.

இருபத்தாறாம் தேதி தீயணைப்புத் துறைக்கு நிதி ஒதுக்கும் விவாதம். பேசுவோர் வரிசையில் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். அத்தானிடம் சொல். பணிமனையில் யாராவது ஏதாவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அன்புள்ள,
தம்பி


ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதத்தை அத்தான் என்னிடமிருந்து வாங்கித் தானே படித்தார். பிறகு எழுந்து போய் முகத்தைச் சவரம் செய்துகொண்டு வந்தார். கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தது, தாடி இருந்தவரை அது தெரியவில்லை. நாள்காட்டியில் இருபத்தாறாம் தேதியைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறார்.

என்ன சொல்ல வேண்டும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். யாரையும் திட்ட வேண்டாம். அமைச்சர் பெயரை எடுக்க வேண்டாம். அவர் தாமதமாக வந்ததைக்கூட நீ சொல்ல வேண்டாம், நீ அங்கே நாளைக்கும் உட்கார வேண்டியிருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. பையனுக்கு நோய் எதுவும் இருந்ததில்லை, அவன் எதையும் மறைக்கவில்லை, தினமும் நாடி பார்த்த நான் சொல்கிறேன் என்று மட்டும் சொல். மூச்சு விடுகிற நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம்.

வாரியத் தலைவர் பதவி வந்தால் சந்தோஷம். உனக்கு இல்லாத தகுதியா?

உப்பைக் குறைத்துக்கொள், உனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். நலம். நீங்கள் இருவரும் நலம்தானே?

பேசிவிட்டேன் அக்கா. நீ எழுதியது போலவே, யாரையும் புண்படுத்தாமல், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். சபை நிசப்தமாகக் கேட்டது. ஆனால் பேச்சு முடிந்ததும், நீதிமன்றத்துக்குப் போகக்கூடிய விஷயம் என்று சொல்லி அவைத் தலைவர் அதை அவைக்குறிப்பிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டார். நீக்கியதைப் பத்திரிகைகள் போடக் கூடாது என்பது விதி. அதனால் செய்தித்தாளில் தேட வேண்டாம் என்று அத்தானிடம் சொல்லிவிடு. அவர் தேடிப் பார்த்து ஏமாந்துபோகக் கூடாது.

வாரிய உத்தரவும் நேற்று வந்துவிட்டது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் எதுவுமில்லை, பேச்சு முன்பே ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கும் மனசில் ஒரு பாரம் இறங்கியது போல இருக்கிறது. அத்தானை நன்றாகத் தூங்கச் சொல்.

அன்புள்ள,
தம்பி


மே 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே இருவரும் நலம். இளைத்துவிட்டாய், வேளைக்குச் சாப்பிடு. வாரியப் பதவிக்கு வாழ்த்து.

உன் கடிதத்தை அத்தானிடம் படித்துக் காட்டினேன். அவர், "பேசிட்டானா?" என்று கேட்டார். "பேசிட்டானாம்" என்றேன். "என்ன சொன்னான்? முழுசா எழுதச் சொல்லு. பேப்பர்ல வராட்டியும் அவன் கைப்பட எழுதிக் குடுத்தா போதும்" என்றார்.

சபையில் என்ன சொன்னாயோ அதை அப்படியே எழுதி அனுப்பு. நானும் படிக்க வேண்டும்.

அக்கா


மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். நலமறிய ஆவல். வாரிய வேலை கழுத்தை நெரிக்கிறது, அதனால்தான் உடனே எழுத முடியவில்லை. நான் பேசியதை நினைவிலிருந்து எழுதுகிறேன். ஓரிரு சொல் முன்பின் இருக்கலாம்.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே. கடைசி வரிசையிலிருந்து பேசுகிறேன். நான் அரசியலுக்குப் புதியவன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஓடுகிற பிள்ளையின் கையைப் பிடித்தால் அவன் எப்படி இருக்கிறான் என்று என்னால் சொல்ல முடியும். தீயணைப்புத் துறையின் ஓட்டத் தேர்வில் உயிரிழந்த இளைஞன் இதய நோயை மறைத்தான் என்று துறை சொல்கிறது. அவன் என் அக்கா மகன். அதை ஒதுக்கி வைத்துவிடுங்கள். அவன் என் மாணவன். மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் என் முன்னால் கையை நீட்டியவன். ஒரு நாள் அவனுக்குக் காய்ச்சல் என்று நாடியில் தெரிந்து திருப்பி அனுப்பினேன். மறைக்கத் தெரிந்தவன் என்றால் அன்றைக்கு வராமல் இருந்திருப்பான். அவன் கையை நீட்டிவிட்டு, 'மாமா, இன்னைக்கு உடம்பு சரியில்லை, பாருங்க' என்றான்.

"அவன் எதையும் மறைக்கவில்லை. மறைப்பதற்கு அவனிடம் எதுவும் இருந்ததில்லை. தீயில் மாட்டியவர்களைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டான். அவன் தகப்பனார் பேருந்துகளைப் பழுது பார்க்கிறவர், பழுதை மூடி வைத்து ஒரு வண்டியையும் வெளியே அனுப்பாதவர். அந்த வீட்டில் வளர்ந்தவன் பொய் சொல்லிவிட்டு ஓடினான் என்று எழுதிய வரியைத் துறை திரும்பப் பெற வேண்டும். இதை அவன் மாமனாகக் கேட்கவில்லை. அவன் நாடியைப் பிடித்த விரல்களோடு நின்று கேட்கிறேன்."

இவ்வளவுதான் அக்கா. எழுதும்போது எனக்குக் கண் மறைத்தது. அத்தானுக்கு என் அன்பு.

அன்புள்ள,
தம்பி


ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ நலமாக இருப்பாய். அத்தானும் நலமாக இருக்கிறார், இந்தத் தடவை அதை மனசார எழுதுகிறேன்.

உன் பேச்சை நான் படிக்க அவர் கேட்டார். பேருந்துகளைப் பழுது பார்க்கிறவர் என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். திரும்பப் படிக்கச் சொன்னார். பிறகு அழுதார். பிள்ளை போன அன்றைக்குக்கூட அவர் அழவில்லை என்பது உனக்குத் தெரியும். அழுது முடித்துவிட்டுப் பசிக்கிறது என்றார். அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார். சாப்பாட்டு நேரத்தில் எடுத்து மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுகிறார், தாள் முழுவதும் கிரீஸ் கறை. பிரித்துப் போட்ட என்ஜினை மாட்டி வண்டியை அனுப்பிவிட்டார். தெருவிலும் பேச்சு மாறிவிட்டது. மாத்திரை வாங்கிய அந்த அம்மாளே வந்து, "சபையிலேயே சொல்லிட்டாங்களாமே, நான் அப்பவே நினைச்சேன்" என்றார்.

இனி எழுதப்போவதை நீ மட்டும் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

இருபத்தாறாம் தேதி நான் அங்கே இருந்தேன். கடை விஷயமாகப் போகிறேன் என்று அத்தானிடம் சொல்லிவிட்டு முதல் வண்டியைப் பிடித்தேன். வாசலில் சோதனை போட்ட பெண் காவலர் உன்னிடம் குண்டெறிதல் பழகியவளாம். "கோச்சோட அக்காவா, வாங்கம்மா" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பார்வையாளர் மாடத்தில் உட்கார வைத்தாள். பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்திருந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் இருந்ததால் நீ என்னைப் பார்த்திருக்க முடியாது.

உன்னைக் கூப்பிட்டார்கள். எழுந்தாய். கையில் ஒரு தாள் வைத்திருந்தாய். முன்வரிசையிலிருந்து அமைச்சர் திரும்பிப் பார்த்தார். முறைக்கக்கூட இல்லை, சிரித்தார். நீ தாளை மடித்துப் பையில் வைத்தாய். நம் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்குப் புது வண்டி வேண்டும் என்று கேட்டாய். துறை சிறப்பாகச் செயல்படுகிறது என்றாய். அமைச்சருக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். மேசையைத் தட்டினார்கள். கத்திவிடுவேனோ என்று நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அத்தானிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மென்று விழுங்கிக்கொண்டிருந்தபோதுதான் உன் கடிதம் வந்தது. உன் வாயாலேயே உண்மை வரட்டும் என்றுதான் பேச்சை எழுதி அனுப்பச் சொன்னேன். நீ அனுப்பிவிட்டாய். ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம் தம்பி. காய்ச்சலன்று அவன் கையை நீட்டியது எனக்கே தெரியாது. அவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டு எப்படி உட்கார்ந்தாய் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

இப்போது அவரிடம் நான் என்ன சொல்ல முடியும்? உன்னைத் திட்ட எனக்கு வாய் இருக்கிறது. திட்டினால் ஏன் என்று அவர் கேட்பார். அவர் திரும்பவும் அந்தக் கூடத்தில் போய் உட்காருவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதனால் நானும் உன்னோடு சேர்ந்துகொண்டேன். மறைக்கத் தெரியாத வீடு என்று நீ எழுதியிருக்கிறாய்.

அடுத்த மாதம் பணிமனையில் உனக்குப் பாராட்டுக் கூட்டம் வைக்கிறார்கள். எல்லாம் அத்தான் ஏற்பாடு. நீ சபையில் பேசியதை உன் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டுமாம், மேடையெல்லாம் போடுகிறார்கள். வேலை இருக்கிறது என்று தட்டிக் கழிக்காதே. வந்து, அவர் முகத்தைப் பார்த்துப் பேசு. அந்தப் பேச்சு முழுவதும் அவருக்கு மனப்பாடம், அதனால் ஒரு வார்த்தை மாறாமல் படித்துக்கொண்டு வா. உனக்கு எதிரே முன்வரிசையில்தான் உட்காருவார்.

நான் வர மாட்டேன். உன் பேச்சைக் கேட்க ஒரு தடவை வந்துவிட்டேன்.

அக்கா